முப்பத்திரண்டு வயதில் முகப்பரு

பதினாறு வயதில் என் முகத்தில் ஒரு பரு கூட வந்ததில்லை. கூடப் படித்தவர்கள் பற்பசையும் மஞ்சளும் தடவிக்கொண்டு அவதிப்பட்ட காலத்தில், நான் தேங்காய் எண்ணெய் வழியும் முகத்தோடு நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். எனக்கு வந்தது முப்பத்திரண்டு வயதில், மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம். முதலில் தாடையின் இடது ஓரத்தில் ஒன்று. அது வெளியே பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே ஒரு கொட்டை மாதிரி உருண்டு இருந்தது. தொட்டால் வலித்தது. பத்து நாளில் அமுங்கி, அந்த இடத்தில் கறுப்பை விட்டுவிட்டுப் போனது. அதற்குள் பக்கத்தில் இரண்டு வந்துவிட்டன. மூன்று மாதத்தில் தாடையும் மோவாயும் நிரம்பிவிட்டன.

வீடு விழுப்புரத்தில். வேலை திண்டிவனத்தில், ஓர் ஆதார் மையத்தில். எதிரில் வந்து உட்காருகிறவர்களைக் கேமராவில் படம் எடுப்பது, விரலை வைக்கச் சொல்வது, கண்ணை அகலத் திறக்கச் சொல்வது, இதுதான் காலையிலிருந்து மாலை வரை. நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்குள் அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.

"இன்னாம்மா மூஞ்சியெல்லாம் இப்டி ஆயிருக்குது? சூடும்மா. எளநி வாங்கிக் குடி."

"பவுடர் போடுவியா? அத வுட்டுடு, சரியாப் பூடும்."

"கல்யாணம் ஆயிடுச்சா? ஆயுமா வருது?"

யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பேரப்பிள்ளையின் பெயரில் எழுத்துப்பிழை திருத்துவதற்காக வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு வந்தவர்கள். அந்தக் களைப்பிலும் என் முகத்துக்காக ஒரு நிமிடம் கவலைப்பட்டார்கள். ஆனால் ஒரே நாளில் ஏழெட்டுப் பேருக்கு ஒரே பதிலைச் சொல்லும்போது அலுத்துவிடும். "பாக்கறேம்மா. கட்டைவிரல வைங்க" என்பேன்.

விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். அந்தக் கடைக்காரர் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஒரு சின்ன டியூபை எடுத்து வைத்தார். "படுக்கப் போறப்ப மட்டும் போடுங்க. பத்து நாள்ல பாருங்க" என்றார். பத்து நாள் கூட ஆகவில்லை. பரு அமுங்கிவிட்டது. கறுப்பு மங்கிவிட்டது. முகமே வெளுத்துப் பளிச்சென்று ஆகிவிட்டது. டிராக்டர் ஷோரூமில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர், கையில் கிரீஸோடு வீட்டுக்குள் வந்தவர், நின்று பார்த்துவிட்டு, "இன்னா, கலர் ஆயிட்ட?" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த டியூபை ஒன்றரை வருடம் போட்டேன். நடுவில் இரண்டு நாள் விட்டால் முகம் அரிக்கும், சிவக்கும். உடனே மறுபடி போட்டுவிடுவேன். பல் தேய்ப்பது மாதிரி அது ஒரு பழக்கமாகிவிட்டது. பிறகு அந்தக் கிரீமுக்கு மேலேயே பரு வர ஆரம்பித்தது. கன்னத்தில் மெல்லிய முடி வளர்ந்தது. வெயில் பட்டால் எரிந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பேருந்தில் காலையில் வெயில் வலப்பக்கம் அடிக்கும். மாலையில் திரும்பும்போதும் வலப்பக்கம்தான். இடப்பக்கம் இடம் கிடைக்காத நாட்களில் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, விக்கிரவாண்டி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பேன். அங்கே கொஞ்சம் பேர் இறங்குவார்கள்.

திண்டிவனத்தில் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் ஒரு தோல் மருத்துவர் வருகிறார் என்று மையத்தில் கூட வேலை செய்கிற பெண் சொன்னாள். வேலை முடிந்து நேராக அங்கே போனேன். காத்திருந்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பெண்கள், பக்கத்தில் அவர்களுடைய அம்மாக்கள். பெயர் எழுதுகிற பெண் என்னைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் தேடினாள்.

"பேஷண்ட் யாருங்க?"

"நான்தான்."

"உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகச் சங்கடப்பட்டு, வேகமாக எழுதிக்கொண்டாள்.

மருத்துவருக்கு ஐம்பது வயது இருக்கும். அன்றைக்கு எத்தனை பேரைப் பார்த்திருந்தாரோ, குரல் கம்மியிருந்தது. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். டியூபை எடுத்து நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"ஒன்றரை வருஷமா டாக்டர்."

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. மொகத்துக்குப் போடற மருந்தே இல்ல இது. இன்னையோட நிறுத்திடுங்க. நிறுத்தினா இன்னும் மோசமாகும். ரெண்டு மூணு மாசம் ரொம்பக் கஷ்டமா இருக்கும், என்னைத் திட்டுவீங்க. திட்டிட்டாவது திரும்ப வாங்க."

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒரு வாரத்தில் முகம் தக்காளி மாதிரி வீங்கியது. தண்ணீர் பட்டால் எரிந்தது. காற்று பட்டாலும் எரிந்தது. மையத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாஸ்க் உரசி இன்னும் எரிந்தது. சோறு கொதிக்கும் ஆவி முகத்தில் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு என் மாமியார், "நீ அடுப்பாண்ட வராத. நான் பாத்துக்கறேன்" என்று சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

அத்தைக்குச் சொந்த ஊர் கெடார் பக்கம். மாமனார் தவறிய பிறகு நிலத்தைப் பெரிய மகனிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கிறார். கடுமையானவர் இல்லை. என் துணியைக் கூட ஒரு வார்த்தை சொல்லாமல் மடித்து வைப்பார். ஆனால் மகளுக்கு மூன்று வயது ஆனதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு பேச்சுதான்.

"ரெண்டாவது ஒண்ணு பெத்துட்டீன்னா ஒடம்பு மாறிக்கும்மா. இந்தப் பரு கிரு எல்லாம் அதுலயே பூடும்."

நான் சிரித்து வைப்பேன். என் கணவர் "பாக்கலாம்மா" என்பார். எனக்கு இன்னொரு குழந்தை வேண்டாம் என்று தோன்றிப் பல வருடம் ஆகியிருந்தது. முதல் பிரசவத்துக்குப் பிறகு நான் நானாக ஆவதற்கே இரண்டு வருடம் பிடித்தது. ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பேச வேண்டும். பேசுவதற்குத் தெம்பு இல்லை.

எரிச்சல் அடங்க நான்கு மாதம் ஆனது. அதன் பிறகுதான் பருவுக்கே வைத்தியம் தொடங்கியது. முதலில் ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒரு ஜெல்லும். அந்த ஜெல் பட்டு எங்கள் வீட்டுத் தலையணை உறைகள் எல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டன. பிறகு ஹார்மோன் சோதனை. பிறகு வயிற்று ஸ்கேன். எல்லாம் நார்மல். நார்மல் என்று கேட்டுச் சோர்ந்துபோனது எனக்கு அதுதான் முதல் முறை. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் அதைக் காட்டி, இதனால்தான் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கலாம். மாத்திரை சாப்பிடும் வரை பரு அடங்கியிருந்தது. நிறுத்தியதும் வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி அடக்கம். ஒரு வருடம் இப்படியே போனது. காத்திருக்கும் பெஞ்சில் எந்த இடத்தில் மின்விசிறிக் காற்று வரும் என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"இன்னொரு மாத்திரை இருக்கு. கொஞ்சம் பெரிய மருந்து. எட்டு மாசம் சாப்பிடணும். மாசா மாசம் ரத்தம் பாக்கணும். அத சாப்பிடறப்ப கர்ப்பமாகவே கூடாது. நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கூடாது. ஆயிட்டா குழந்தைய மோசமா பாதிக்கும். அதனால கேக்கறேன், குழந்தை ப்ளான் ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றேன். அவ்வளவு வேகமாகச் சொன்னது எனக்கே திடுக்கென்றிருந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை. அட்டையில் அதை எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "எட்டு மாசந்தானே? பரவால்ல, சாப்டு. மொதல்ல இது சரியாவட்டும்" என்றார். அவருக்கு அது எட்டு மாதத் தள்ளிவைப்பு. நான் திருத்தவில்லை. அத்தையிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

முதல் மாதம் பரு இன்னும் அதிகமானது. அதுவும் அவர் முன்பே சொன்னதுதான். உதடு வெடித்து, வாயைத் திறந்து கொட்டாவி விட முடியவில்லை. மூக்கில் இரண்டு முறை ரத்தம் வந்தது. பேருந்துப் படியில் ஏறும்போது முட்டி வலித்தது. மையத்தில் ஒரு பெரியவர் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "சாப்பாடே எறங்காது போலருக்கே பாப்பா" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைப் படம் எடுத்தேன்.

நான்காவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை தன்னுடைய பிரஷர் மாத்திரையைத் தேடியிருக்கிறார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எதிரில் நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த அட்டையில் ஒரு சின்னப் படம் போட்டிருந்தது.

"இது இன்னாம்மா? வயித்துப் புள்ளக்காரி படத்தப் போட்டு, குறுக்க கோடு இழுத்து வச்சிக்கிறான்?"

கத்தியைக் கீழே வைத்தேன். சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. பருவுக்கான மாத்திரை, சாப்பிடும்போது குழந்தை உண்டாகக் கூடாது என்று சொன்னேன்.

"எத்தினி மாசமா சாப்டற?"

"மூணு மாசம் முடிஞ்சிடுச்சு அத்தை."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எனக்குத்தான் தெரியாது" என்றார். சத்தம் போடவில்லை. அட்டையைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். மறுநாள் காலையில் ஒரு பையில் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு, பெரிய மகன் வீட்டுக்குக் கெடாருக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

எட்டு நாள் வரவில்லை. நான் விடிவதற்கு முன்னால் எழுந்து சமைத்து, மகளைக் கிளப்பி, திண்டிவனம் போய், திரும்பி வந்து மறுபடி சமைத்தேன். மகள் தினமும், "ஆயா எப்போ வரும்?" என்று கேட்டாள். என் கணவர் போன் செய்தால் அத்தை நன்றாகத்தான் பேசினார். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. ஒன்பதாவது நாள் அரைப் பை மல்லாட்டையோடு வந்து இறங்கினார். உட்கார்ந்து கடலையை உரிக்க ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். மாத்திரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த மாதம் விக்கிரவாண்டியில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு இரண்டு ஆள் தள்ளி அத்தை உட்கார்ந்திருந்தார். உறவுக்காரப் பெண் ஒருத்தி அவரிடம் குனிந்து, "ஏன், உன் மருமவளுக்கு ரெண்டாவது இல்லியா?" என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

"ட்ரீட்மென்ட்டு ஓடிக்கினு இருக்குதும்மா. டாக்டரு இப்ப வேணாம்னுட்டாங்க" என்றார் அத்தை, இலையைப் பார்த்தபடியே.

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை உறவே சொல்லிக்கொண்டது. பதினைந்து நாளைக்கு எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. ஒருத்தர் பாண்டிச்சேரியில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையைச் சொன்னார். இன்னொருத்தர் பனமலைக் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். "பேஜாரு பண்ணிக்காதம்மா, ஒண்ணு இருக்குதில்ல" என்று ஒருத்தர் ஆறுதல் சொன்னார். பருவுக்குப் போனவளை எல்லாரும் சேர்ந்து பிள்ளை தங்காதவள் ஆக்கிவிட்டார்கள். கோபப்பட நினைத்தேன். யார் மேல் படுவது? அத்தை சொன்னதில் பொய்யும் இல்லை. ட்ரீட்மென்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எல்லாருக்கும் "சரிங்க, பாக்கறேங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆறாவது மாதத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. கறுப்புத் தழும்பும் தாடையில் சில குழிகளும் தங்கிவிட்டன. மையத்தில் யாராவது "சரியாயிடுச்சே" என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. கேட்பது மட்டும் நின்றுபோனது. வந்தார்கள், விரலை வைத்தார்கள், போனார்கள். எட்டாவது மாதம் மருத்துவர் என் தாடையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போதும். திரும்ப வராதுன்னு சொல்ல மாட்டேன். வந்தா வாங்க" என்றார். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

நான்கு மாதம் கழித்து மோவாயில் இரண்டு வந்தன. மறுபடி ஜெல், அது மட்டும் போதும் என்றார் மருத்துவர். இப்போதும் அவ்வப்போது வருகிறது, போகிறது.

அந்த மாத்திரை முடிந்து சில வாரத்தில் ஒரு காலை, மகளின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அது நிறுத்தி ஒரு மாசம் தாண்டிடுச்சி இல்ல?"

"ஆச்சு."

"அப்ப இன்னா பண்லாம்?"

இந்த முறை சிரித்து வைக்க முடியவில்லை. "எனக்கு வேணாங்க. மாத்திரைக்காக இல்ல. எனக்கே வேணாம்" என்றேன்.

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல" என்றார். பிறகு, "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க."

சரி என்றார். அது நடந்து ஆறு மாதம் ஆகிறது. அவர் இன்னும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அத்தையும் கேட்பதில்லை. யாராவது போன் செய்து விசாரித்தால் மட்டும், ட்ரீட்மென்ட்டு ஓடிக்கினு இருக்குது என்கிறார்.