சோதனைக்கு வராத வரி

நாவற்குடாவில் போட்டோகொப்பிக் கடையொன்றில் இன்று அரை மணி நேரம் காத்திருந்தேன். காணாமற்போனோர் முறைப்பாட்டுப் படிவத்துடன் இணைக்க மகளின் படத்தில் ஆறு பிரதிகள் தேவைப்பட்டன. படிவம் கேட்கும் அலுவலகம்தான் ஒவ்வொரு முறையும் வேறு.

எனக்கு முன்னால் போட்டிப் பரீட்சைக் கையேடு ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது: "இவ்வாண்டின் முக்கிய தேசிய நிகழ்வுகள்." கடைப் பெண் முதற்பிரதியை என்னிடம் நீட்டினாள்.

"சேர், நீங்க படிச்ச ஆள்தானே. பிழை இருக்கா எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்க."

மே: போர் முடிவுற்றது.

டிசம்பர்: கடற்கோளின் ஐந்தாம் ஆண்டு நினைவு.

"மே மாதத்தில ஒரு வரி குறையுது பிள்ள. வன்னியில காணாமப்போன ஆக்கள்."

"அது சோதினைக்கு வராது சேர்," என்றாள், மிகுந்த மரியாதையுடன்.

பிறகு மகளின் படத்தை இயந்திரத்தில் வைத்தாள். "வடிவான பிள்ள. மகளா? வெளிநாட்டிலயா?"

கிளிநொச்சியில் படிப்பித்தவள், ஜனவரிக்குப் பின் அவள் குரலைக் கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. "ஓம்" என்றேன்.

மகளின் தாயை அந்தக் கடற்கோள் கொண்டுபோன பிறகு, நான் சொன்ன பொய்யை வீட்டுக்கு வந்து ஒப்புக்கொள்ள ஆளில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கையேட்டில் பிழையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பரீட்சை எழுதும் நண்பர்கள் தைரியமாக மனனம் செய்யலாம். என் மகள் எங்கே என்று தெரிந்தவர்கள் மட்டும் கீழே பின்னூட்டத்தில் விடையளியுங்கள். புள்ளிகள் கிடையாது.