சொந்த உபயோகத்துக்கு மட்டும்

கார் வாங்க ஆசைப்படுவது குற்றமில்லை. வாங்கின மறுநாள்தான் அது வாயைத் திறக்கும், திறந்த வாயை அப்புறம் மூடாது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த வேதமணிக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் மனுஷன் காதில் வாங்கியிருக்க மாட்டார், அது வேறு கதை.

நாற்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது அவருடைய துரையும் கப்பலேறினார். போகிற போக்கில் தன் பழைய ஆஸ்டின் காரை வேதமணிக்கே பாதி விலைக்குக் கொடுத்தார். தோணிக்காரர்களோடும் கஸ்டம்ஸ்காரர்களோடும் தன் சார்பில் இத்தனை காலம் மல்லுக்கு நின்ற ஆளுக்குத் துரை காட்டிய மரியாதை அது. வேதமணியின் மனைவி ஞானபாய் கழுத்தில் கிடந்த இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். முகம் சுளிக்காமல்தான் கொடுத்தாள். காரில் கோயிலுக்குப் போய் இறங்குவதை அவளும் மனசுக்குள் பார்த்துவிட்டாள், பாவம்.

அதற்குப் பிறகு வந்ததே செலவு! வரி, லைசென்ஸ், பாட்டரி. பெட்ரோலுக்குக் கூப்பன் வேண்டும், கூப்பன் கிடைத்தால் பெட்ரோல் இருக்காது. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து தகரத்தில் அப்பிவிட்டுப் போகும். கழுவாவிட்டால் ஒரே வருஷத்தில் அடிப்பக்கம் பொரிந்து உதிரும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்கிற தண்ணீரையே குடத்துக்கு இவ்வளவென்று விலைக்கு வாங்குகிற ஊரில் காரைக் குளிப்பாட்டத் தண்ணீர் வாங்கினவர் வேதமணி ஒருவர்தான்.

சொந்தபந்தம் சும்மா விட்டதா? கார் வீட்டு வாசலுக்கு வந்த வாரத்திலேயே விஷயம் நாசரேத் வரைக்கும் போய்விட்டது. எந்தக் கலியாணம் என்றாலும் பெண் மாப்பிள்ளைக்கு வேதமணி கார். பிரசவத்துக்கு வேதமணி கார். வந்து கேட்கிறவர்கள் உரிமையாய்க் கேட்பார்கள், போய் வந்த பிறகு ஒரு தேங்காயும் ரெண்டு வாழைப்பழமும் கையில் கொடுப்பார்கள். பெட்ரோல் எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் உறவு விட்டுப்போகும் என்பது அவர்கள் எண்ணம். வாங்கினால் மானம் போகும் என்பது வேதமணி எண்ணம். ரெண்டும் பொருந்தித்தான் போயிற்று, காரின் வயிறு மட்டும் நிறையவில்லை.

இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று அப்போது சட்டம் வந்து அதிக நாள் ஆகவில்லை. ஏஜெண்டு செந்தில்வேல் வீட்டுக்கே வந்து விளக்கிச் சொன்னார்.

"சார், சொந்த உபயோகத்துக்கு மட்டும்னா இந்த ரேட்டு. வாடகைக்கு ஓட்டினா ரெண்டு மடங்கு. எதுன்னு எழுத?"

"சொந்த உபயோகந்தான்வே. நான் என்ன டாக்சியா ஓட்டப்போறேன்?"

"அப்பம் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. வாடகைன்னு யார்ட்டயும் காலணா கை நீட்டி வாங்கிராதீங்க. வாங்கின அன்னைக்கு ஏதும் ஆச்சுன்னா கம்பெனி ஒரு பைசா தராது."

வேதமணி விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஆளுக காருக்குக் காசு குடுக்கதாவது! நீரு தைரியமா எழுதும்வே."

முதல் வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. அடுத்த வருஷம் இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டிய மாதத்தில், பின்பக்க டயர் ஒன்று மொழுமொழுவென்று தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்தது. கையில் இருந்தது ஒன்றுக்குத்தான் காணும். டயரா, இன்ஷூரன்ஸா? வேதமணி நாலு நாள் தூக்கமில்லாமல் யோசித்தார். "டயர் போனா நிறுத்திட்டு நடந்து வந்திரலாம். இன்ஷூரன்ஸ் இல்லாம ஒருத்தன் மேல ஏத்திட்டா வீட்டை வித்துல்லா குடுக்கணும்" என்றார். ஞானபாயும் சரி என்றாள். புத்திசாலித்தனமான முடிவுதான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இன்ஷூரன்ஸைக் கட்டினார்கள்.

அந்த வீடு ஒன்றுதான் அவர்களுக்கு. பாளையங்கோட்டை ரோட்டுப் பக்கம் ரெண்டு அறை, ஓட்டுக்கூரை, பின்னால் ஒரு முருங்கை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்துக் கட்டினது. பிள்ளைகள் இல்லாத அவர்களுக்குப் பிள்ளை மாதிரி அது.

அந்த மாதமே ஞானபாயின் பெரியப்பா மகன் எபனேசர் சாத்தான்குளத்திலிருந்து வந்து இறங்கினார். மகள் ஜெயசெல்விக்குக் கலியாணம், மாப்பிள்ளை வீடு தூத்துக்குடி. எபனேசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் ஓசியில் ஒரு வெற்றிலை வாங்க மாட்டார். பஸ்ஸில் பக்கத்து ஆள் டிக்கெட் எடுத்துவிட்டால் அவர் பையில் காசைத் திணித்துவிட்டுத்தான் உட்காருவார். நல்ல குணம்தான். அந்தக் குணத்தை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் கொஞ்சம் அதிகம்.

"மாப்பிள, பொண்ணு மாப்பிள்ளைய சாத்தான்குளத்துலேர்ந்து தூத்துக்குடிக்கு உங்க கார்லதான் கொண்டுவரணும். ஆனா சும்மா வேண்டாம், சொல்லிட்டேன்."

"என்ன மச்சான் பேசுதீங்க! ஜெயசெல்வி எனக்கும் மகதான" என்றார் வேதமணி. பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

கலியாணம் முடிந்து, பந்தலில் சாப்பாடும் ஆயிற்று. மொய் கூப்பிடுகிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். எபனேசர் அவர் காதில் ஏதோ சொன்னார். அடுத்த நிமிஷம் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும், மேலே நோட்டும் வந்தன.

"பொண்ணு மாப்பிள்ளை போற காருக்கு, தூத்துக்குடி வேதமணி மாப்பிள்ளைக்கு, ரூபா அம்பதூ!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். எபனேசர் வேட்டியை இறுக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வேதமணிக்குச் செந்தில்வேல் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் சபையில் நீட்டின தட்டைத் தள்ளினால் அது மச்சான் முகத்தில் அடித்ததாகிவிடும், மாப்பிள்ளை வீட்டார் முன்னால். அதோடு, உண்மையைச் சொன்னால், அந்த நோட்டைப் பார்த்ததும் அவருக்கு டயர்தான் ஞாபகம் வந்தது. நாளைக் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை புது டயர் என்று நினைத்தார். எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாளைக்காலை வரைக்கும் டயர் பொறுக்கவில்லை.

வெயில் தாழ்ந்த நேரம், முத்தையாபுரம் உப்பளத்துக்குப் பக்கத்தில் கார் வந்துகொண்டிருந்தது. பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும். டப்பென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கையை மீறிப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. வேலை முடிந்து ரோட்டோரமாய் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிச்சையா என்ற உப்பளத் தொழிலாளி திரும்பிப் பார்ப்பதற்குள் கார் அவன்மேல் ஏறி, வரப்பில் முட்டி நின்றது. உள்ளே இருந்தவர்களுக்குச் சின்னச் சிராய்ப்புத்தான். பிச்சையாவின் வலது காலை ஆஸ்பத்திரியில் முட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். டயருக்கென்று பையில் வைத்த பணம் மருந்துக்குப் போயிற்று.

வேதமணி தினம் ஆபீஸ் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். ஒரு நாள் பிச்சையா கேட்டான்:

"அண்ணாச்சி, நீங்க வேணும்னா செஞ்சீய? அது தெரியும். ஆனா உப்பளத்துல ஒத்தக் காலுக்கு வேலை உண்டுமா? ரெண்டு பிள்ளைய கெடக்கு."

"கம்பெனி குடுக்கும் பிச்சையா. அதுக்குத்தான் சட்டம். நான் கட்டியிருக்கேன். உனக்கு ஒரு குறையும் வராது."

இதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, மனசார நம்பிச் சொன்னார். கம்பெனியின் விசாரணைக்காரன் வந்தபோதுகூட, பாக்கியில்லாமல் கட்டின நிம்மதியோடு காப்பி கொடுத்து அனுப்பினார். அவன் நேரே சாத்தான்குளம் போனான். அங்கே அவன் தோண்டித் துருவ வேண்டிய வேலையே இருக்கவில்லை. காருக்குப் பந்தலில் அம்பது ரூபாய் வைத்ததை டீக்கடையில் நின்றவர்களெல்லாம் பெருமையாகச் சொன்னார்கள். வாடகைக்கு ஓட்டின காருக்குத் தங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி கையை விரித்தது. பிச்சையாவின் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள்?

வேதமணியின் வக்கீல் சொன்னார்: "பயப்படாதீங்க. தங்கச்சி புருஷனுக்கு அன்பளிப்பா வச்சேன்னு உங்க மச்சான் சொல்லிட்டாப் போதும். கம்பெனி குடுத்துத்தான் ஆகணும்."

புருஷனும் பெண்சாதியும் சாத்தான்குளம் போனார்கள், பஸ்ஸில். எபனேசர் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"வேதப்புஸ்தகத்துல கைய வச்சிப் பொய் சொல்லச் சொல்லுதீரா மாப்பிள?"

"பொய் என்ன அண்ணே?" என்றாள் ஞானபாய். "அன்பில்லாமலா வச்சீங்க? வெத்தலை பாக்கோடதான வச்சீங்க. அதை மட்டும் சொல்லுங்க. எங்க வீடு போயிரும் அண்ணே. அந்தப் பிச்சையா குடும்பம் தெருவுல நிக்கும்."

கூடப்பிறக்காவிட்டாலும் தூக்கி வளர்த்த தங்கச்சி. அவள் கண்ணைத் துடைத்ததும் எபனேசரின் மனசு இளகிவிட்டது. "சரி ஏளா, அழாத. அன்பாத்தான் குடுத்தேன்னு சொல்லுதேன். அதுல பொய் இல்லைதான்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் வேதமணி பல நாளைக்குப் பிறகு கண்ணயர்ந்தார்.

கோர்ட்டில் எபனேசர் சாட்சிக் கூண்டேறினார். சம்பந்தியும் மாப்பிள்ளையும் சாட்சிக்கு வந்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வேண்டியதை எபனேசர் ஒழுங்காகச் சொன்னார். "தங்கச்சி மாப்பிள. அன்பா வெத்தலை பாக்கு வச்சிக் குடுத்தேங்க." வேதமணிக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போயிற்று. ஞானபாய் பக்கம் திரும்பிக் கண்ணால் பேசினார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்பச் சரி. அப்போ காருக்கு நீங்க காசு எதுவும் கொடுக்கல?"

"அன்பளிப்புங்க."

"அதாவது, மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு ஓசிக் காரில்தான் அனுப்பினீங்க. தங்கச்சி புருஷன் தயவுல."

எபனேசர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி ஒன்றும் நினைத்ததாகக்கூடத் தெரியவில்லை, பாவம், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் எபனேசரின் காது மடல் சிவந்துவிட்டது. கூண்டுக் கட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேண்டாம் மச்சான், வேண்டாம் என்று வேதமணியின் உதடு அசைந்தது.

"எவன்யா சொன்னான் ஓசின்னு? எபனேசர் மக ஓசியில போனாளா? வாடகை எண்ணி வச்சேன்யா! அம்பது ரூபா! சபைக்கு முன்னால, மொய்க்காரரக் கூப்பிடச் சொல்லி வச்சேன்! இந்தா சம்பந்தி இருக்காவ, கேட்டுப் பாரும்!"

வக்கீல் ஜட்ஜைப் பார்த்துத் தலை வணங்கி, "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எபனேசருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது கூண்டிலிருந்து கீழே இறங்கின பிறகுதான் உறைத்தது. நடுவழியில் நின்று தங்கச்சியைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு வேதமணியின் தலையில் விழுந்தது. அப்பீலுக்குப் போகலாம் என்று வக்கீல் சொன்னார். வேதமணி மாட்டேன் என்றுவிட்டார். அது எத்தனை வருஷம் இழுக்குமோ, அதுவரைக்கும் பிச்சையா என்ன சாப்பிடுவான் என்பதுதான் அவருக்கு. காரை ஒருவன் இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டான். அது போதாது. வீட்டை விற்றார். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பிச்சையா வாங்கிக்கொண்டு, "கம்பெனி குடுத்திருச்சா அண்ணாச்சி?" என்றான். வேதமணி ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீடு காலி செய்கிற அன்று மாட்டுவண்டி வந்து நின்றது. முத்தையாபுரத்தில் ஒரு ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கட்டில், ரெண்டு அண்டா, பைபிள், தையல் மிஷின் என்று ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருந்தன. எபனேசர் வந்தார். ஆள் பாதியாய் இளைத்திருந்தார். அவரும் ஒரு அண்டாவைத் தூக்கி வண்டியில் வைத்தார். பிறகு வண்டிக்காரனிடம் போய், மடியை அவிழ்த்தார்.

"வண்டி வாடகை எவ்வளவுடே? நான் குடுக்கேன்."

கோர்ட்டிலிருந்து அவரோடு ஒரு வார்த்தையும் பேசாத ஞானபாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வேண்டாம் அண்ணே. நாங்களும் ஓசியில போக மாட்டோம்."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை வண்டிக்காரன் கையில் எண்ணி வைத்தாள். வேதமணி முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள்.