எனக்குப் போட்ட படையல்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகவே சிரித்துவிடுகிற ஆள் நான். இது நடந்தது பட்டப்பகலில், கள்ளும் சாராயமும் நான் தொட்டதில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் காலம். எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் குலம் கேட்டார்கள், ஒரே குலமென்றால் அண்ணன் தங்கை முறையாகிவிடுமே. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா கொல்லிமலையில் எடப்புளி நாட்டுக்காரர் என்பதுதான். கேட்கும்போதெல்லாம், "அங்க நம்மாளுக ஒருத்தருமில்லடா, எல்லாஞ் செத்துப்போயிட்டாங்க" என்பார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பங்காளி யாராவது இருந்தால் கேட்டு வரலாமென்று அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து மலையேறினேன்.

மேலே உழுதுகொண்டிருந்த ஒருவரிடம் அப்பா பெயரைச் சொன்னேன். மாட்டை நிறுத்திவிட்டார். "சடையன் ஊடுங்களா? நாங்க பங்காளிதானுங்க. அவரு சம்சாரம் இருக்குதுங்களே, இன்னைக்கு அங்க படையலு, வாங்க" என்றார். சம்சாரமா? என் அம்மா கீழே வீட்டில் அல்லவா இருக்கிறாள்!

போனால், இலையில் சாமைச் சோறு வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். செத்தவர் வந்து சாப்பிட்டால் சோற்றில் கைத்தடம் விழும், பிறகு திறந்து பார்ப்பார்கள். வாசலில் நின்ற அம்மாளிடம், யாருக்குப் படையல் என்று கேட்டேன்.

"எம்மவன் வெள்ளையனுக்குங்க சாமி. கைக்கொழந்தையில காச்சலுன்னு அவங்கப்பன் வைத்தியத்துக்குக் கீழ தூக்கிட்டுப் போனாரு. புள்ள செத்துப்போச்சுன்னு சேதி மட்டுந்தான் வந்துச்சு. அந்த மனுசனும் திரும்பி வரலீங்க."

வெள்ளையன் என்பது என் பெயர்.

அடப்பாவி மனுஷா! இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துவதற்காகப் பெற்றவளிடம் என்னைச் சாகடித்திருக்கிறார், என்னிடம் அவளைச் சாகடித்திருக்கிறார். வளர்த்தவளாவது ஒரு வார்த்தை சொன்னாளா? செத்துப்போனவனிடம் போய் எப்படிச் சண்டை போடுவது?

நான் வாயைத் திறப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். சோற்றில் ஐந்து விரல் தடம், அதில் நடுவிரல் மட்டும் குட்டை.

"அஞ்சாறு வருசமா இப்படித்தானுங்க வுழுகுது. கைக்கொழந்தையில போனவன், தடம் வருசா வருசம் பெருசாகிட்டே வந்துச்சு, அதுக்கு முந்தி அஞ்சு வெரலும் நல்லாத்தான் வுழுகும். என்னன்னே தெரியலீங்க" என்றாள்.

என் நடுவிரல் நுனி கரும்பு ஆலையில் மாட்டிப் போனதும் அஞ்சாறு வருடத்துக்கு முன்னால்தான். கையை நீட்டினேன்.

"நாந்தாம்மா வெள்ளையன். நான் சாகலம்மா. அப்பன் உங்களையும் ஏமாத்திப்போட்டான், என்னையும் ஏமாத்திப்போட்டான்."

என் கையைப் பிடித்து அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். வெடுக்கென்று கையை உதறினாள்.

"நீ உசுரோட இருக்கறீன்னா, இத்தன வருசம் என் கையால சோறு தின்னது யாருடா? எம்மவன் இப்பத்தான் தின்னுட்டுப் போனான். நீ யாரோ என்னமோ, போயிரு!"

கதவைச் சாத்திக்கொண்டாள். பங்காளிதான் குலத்தைச் சொல்லி அனுப்பினார். கல்யாணமும் நடந்தது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை மலையேறிப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் திறக்கவேயில்லை. ஆனால் சாகும்வரை படையலை நிறுத்தவில்லையாம், தடமும் தவறாமல் விழுந்ததாம். பெற்றவள் கையால் எனக்கு ஒரு வாய் சோறு கிடைக்கவில்லை. என் கையை வைத்துக்கொண்டு எவனோ சாப்பிட்டுப் போயிருக்கிறான்.