மூன்றாம் தண்ணீர்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், ஏழுமலை. என் சம்சாரம் செல்வி. மகள் பூஜா, பத்தாவது படிக்கிறாள். செல்வியின் அக்கா ராணி. ஐந்தாவதாக மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று ராணியக்காதான் சொன்னார்.

எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பாகத் தடிப்பு. ராணியக்கா பார்த்துவிட்டு அம்மை என்றார். அவர்மேல் அருள் வரும். அவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டோம்.

இருப்பது டில்லி என்றாலும் எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். அம்மை கண்டால் மருந்து கிடையாது. வாசலில் வேப்பிலை செருகுவோம். படுத்தவன் வாசல் தாண்டக் கூடாது. அம்மை இறங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். மூன்றாம் தண்ணீரோடு தாய் போய்விடுவாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. தடிப்பும் மறைந்தது. வலி விடவில்லை. மணிக்கட்டு, விரல்கள், கணுக்கால் எல்லாம் வீங்கின. காலையில் விரல் மடங்காது. பூஜாதான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள்.

வலி இருக்கிறதால் தாய் இன்னும் இறங்கவில்லை என்றார் ராணியக்கா. வலி போனால்தான் தண்ணீர். தண்ணீர் ஊற்றினால்தான் மருந்து. மருந்து இல்லாமல் வலி போகவில்லை. இதற்குள் மாட்டிக்கொண்டேன்.

நாங்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பை இடித்த பிறகு எங்களுக்குக் கிடைத்த வீடு நரேலாவில், நாலாவது மாடி. ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த பிளாக்கின் சுவர். ஒன்றரை மாதம் அந்தச் சுவரைப் பார்த்தேன். லோதி ரோட்டில் ஒரு ஆபீசில் தரை துடைக்கிற வேலை எனக்கு. வேறு ஆளைப் போட்டுவிட்டதாகப் போன் வந்தது.

பூஜா ஒருநாள் சொல்லிவிட்டாள். “இது அம்மை இல்லப்பா. மச்சர், அதான் கொசு, கடிச்சு வர்ற காய்ச்சல். ஸ்கூல்ல மேடம் சொன்னாங்க. ஜல்தி டாக்டர்கிட்ட போலாம்.”

“வாய மூடுடி. தாய் காதுல விழப்போவுது” என்றாள் செல்வி.

எனக்கு மகள் சொல்வது சரி என்று பட்டது. தாயை மீறவும் பயம். இப்படியே போய்ச் சேர்ந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வி விளக்கு ஏற்றினாள். எனக்குக் கைகூப்ப வரவில்லை. கையை மடியில் போட்டபடியே கேட்டேன். தாயே, இருக்கிறாய் என்றால் இரு. போய்விட்டாய் என்றால் சொல்லிவிடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி ராணியக்கா வந்தார். கற்பூரம் காட்டும்போதே அவர்மேல் அருள் வந்தது. என்னைப் பார்த்தார்.

“நான் போயி நாப்பது நாளு ஆவுது. யாரக் கேட்டு இவன அடச்சி வெச்சிருக்கீங்க?”

செல்வி தரையில் விழுந்தாள். “தாயே, அப்ப அவரு வலி?”

“அது என்னுது இல்ல. தண்ணிய ஊத்தி அனுப்பு.”

அருள் இறங்கியதும் ராணியக்காவுக்கு எதுவும் நினைவில்லை. செல்வி அழுதுகொண்டே சொன்னாள். ராணியக்காவே எழுந்து வேப்பிலை போட்டுத் தண்ணீர் காய வைத்தார்.

வெள்ளி, ஞாயிறு, செவ்வாய். மூன்று தண்ணீரும் ஆயிற்று. புதன்கிழமை பூஜா தோளைப் பிடித்து நாலு மாடி இறங்கினேன்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மறுபடி போனபோது டாக்டர் இந்தியில் விளக்கினார். வந்தது சிக்குன்குனியா. கிருமி எப்போதோ போய்விட்டது. சிலருக்கு உடம்பின் காவல் அது தெரியாமல் அடித்துக்கொண்டே இருக்குமாம். அடிப்பது சொந்த மூட்டுகளை. ஏன் எனக்கு வந்தது என்று சொல்ல முடியாது என்றார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் விரல் கோணியிருக்கும் என்றார்.

செல்வி என் காதருகே வந்தாள். “தாய் சொன்னதத்தாங்க இவரும் சொல்றாரு.”

வாரம் ஒருநாள் மாத்திரை. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. நாலு மாதத்தில் விரல் மடங்கியது. இடது மோதிர விரல் மட்டும் இன்னும் முழுதாக மடங்கவில்லை. அது போகட்டும். நரேலாவிலேயே ஒரு ஸ்கூலில் வேலை கிடைத்தது. துடைப்பம் பிடிக்கிறேன். காலையில் கைகூப்புகிறேன்.

தாய்க்கு என் உயிர் கடன்பட்டது. அவள் யாரையும் அடைத்து வைப்பதில்லை. நம்பிக் கேளுங்கள், சொல்லுவாள். காய்ச்சல் விட்டும் மூட்டு வீக்கம் விடாதவர்கள் நம் பிளாக்குகளில் இருந்தால் வீட்டில் கிடக்காதீர்கள். ராணியக்கா இப்போது அப்படிப்பட்டவர்களை என்னிடம்தான் அனுப்புகிறார். ஆஸ்பத்திரி வரிசையில் நான் கூட நிற்கிறேன்.

இதுவரை பதினோரு பேர்.