மேலேக்காரர் நடத்திய பள்ளிக்கூடம்

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் அவர். பகலில் எப்போது போன் செய்தாலும் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டாரும் இரும்புக் கயிறுமாக இருக்கும் சின்ன அறையில்தான் இருப்பார். "மேலே இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லிச் சொல்லியே மேலேக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. "என்னப்பா, மேலே போயிட்டியா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பதும், "இன்னும் அழைப்பு வரலை" என்று இவர் சொல்வதும் தினப்படி வேடிக்கை.

அவர் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஒரே மகள். பத்து வயதாகியும் வீட்டில் இன்னும் பாப்பாதான். பாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மருந்தில் அடங்கிக் கிடந்தது, ஐந்தாம் வகுப்பு தொடங்கிய சமயத்தில் மறுபடி தலைகாட்டியது. வகுப்பறையிலேயே விழுந்தாள், ஒரு முறையல்ல. தலைமையாசிரியை பெற்றோர் இருவரையும் வரச்சொன்னார்.

"பிள்ளை மேல எங்களுக்குப் பிரியம்தான். ஆனா நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுப் பாருங்களேன்."

நரம்பு டாக்டரும் மருந்தை மாற்றிவிட்டு, புது மருந்து உடம்புக்குப் பழகும் வரை பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். ஒரு வருடம் ஆனாலும் ஆகலாம். நர்ஸம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை. தலைமையாசிரியையிடம் இன்னொரு முறை போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். எங்கயும் ஓடிப்போகாது. இப்போ இவ படிப்பு நிக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றார் மேலேக்காரர்.

அப்படித்தான் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை வகுப்பறையானது. மனைவி இரவுப் பணி கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் அவர் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துப் படுத்திருப்பார். கணவர் காலை வேலைக்கு மாறிக்கொண்டு மதியமே வந்துவிடுவார். வந்ததும் கை கழுவிவிட்டுப் பின்னக் கணக்கில் இறங்குவார். முதல் மாதம் முழுக்க ஒரே கூச்சல். ஒருநாள் பாப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, நீங்க சொல்றப்போ புரியற மாதிரி இருக்கு. நீங்க எழுந்து போனதும் ஒண்ணும் புரியலை" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. இது தனியாளாக இழுக்கிற தேர் இல்லை என்று அன்றைக்கு உறைத்தது.

மாத்திரை வாங்கப் போன இடத்தில்தான் வழி பிறந்தது. மருந்துக்கடை நடத்தும் அக்காவும் தன் இரட்டைப் பெண்களை வீட்டிலேயே படிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஊர் மாறி ஊர் மாறி மூன்று பள்ளிகள் பார்த்து, போதும் என்று முடிவெடுத்தவர்.

"தம்பி, இலவச வெப்சைட் இருக்கு. நாலு பேர் சேர்ந்து பக்கம் பக்கமா எழுதலாம், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் திருத்தலாம். யார் எதை மாத்தினாங்கன்னு அதுவே காட்டிக் கொடுத்துரும். நீங்க கணக்கைப் பாருங்க, நான் தாவரமும் விலங்கும் பார்த்துக்கறேன். ஏன் ரெண்டு பேரும் தனித்தனியா முட்டிக்கணும்?"

மூன்றாவதாக, அதே தெருவில் கடை வைத்திருந்த தையல்காரர் சேர்ந்தார். அவர் மகனுக்கு எழுத்துகள் கண்முன் இடம் மாறி மாறித் தெரியும். புத்தகத்தை எடுத்தாலே பையன் கழிவறைக்கு ஓடிவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலேக்காரர் உட்கார்ந்து அந்தத் தளத்தில் ஓர் இடத்தை உருவாக்கினார். யாரெல்லாம் பார்க்கலாம், யாரெல்லாம் எழுதலாம் என்று அது கேட்டது. மற்ற இருவரும் கடவுச்சொல்லை மறந்துவிட்டுத் தன்னைப் போனில் படுத்துவார்களே என்று யோசித்து, இரண்டு கேள்விக்கும் 'எல்லோரும்' என்பதைத் தட்டிவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு விளையாட்டுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பாப்பா தும்பி. தையல்காரர் மகன் டைனோசர். இரட்டையர்கள் இட்லிமாவு, தோசைமாவு என்று வைத்துக்கொள்ள, யார் எது என்பதில் அவர்களுக்கே தகராறு.

பாடம் நன்றாகவே ஓடியது. தையல்காரர் அளவு நாடாவைப் படம்பிடித்துப் போட்டுப் பின்னத்தை விளக்கினார். பாப்பாவுக்கு அப்பா சொல்லிப் புரியாதது அதில் புரிந்தது. அப்பாவுக்கு லேசாக வலித்தது, ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நர்ஸம்மா இதயம் எப்படி அடிக்கிறது என்று எழுதினார். ஒருநாள் டைனோசர், ஜிப் எப்படி மூடிக்கொள்கிறது என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தான். பாதி எழுத்து தலைகீழ். ஆனால் கடைசி வரி வரை அவனே எழுதியது.

அடுத்த வாரம்தான் அது நடந்தது. மேலேக்காரர் மதியம் வீடு திரும்பியபோது பாப்பா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, தோழன்னு ஒருத்தர் வந்திருக்காரே, அது யாருப்பா? தையல் மாமாவா?"

அவர் குனிந்து பார்த்தார். தும்பியின் பக்கத்துக்குக் கீழே, கருத்து எழுதும் இடத்தில், வரிசையாக இருந்தது. 'நீ ரொம்ப அழகா எழுதுற தும்பி.' 'நானும் வீட்டுலதான் படிக்கிறேன்.' 'உனக்கு என்ன வயசு?' பத்து என்று பாப்பா பதில் எழுதியிருந்தாள். 'பகல்ல உன்கூட யார் இருப்பாங்க?' அம்மா, ஆனா தூங்கிட்டிருப்பாங்க என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே: 'உன் போட்டோ ஒண்ணு அனுப்பு. யார்கிட்டயும் சொல்லாதே, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.'

அதற்கு அவள் பதில் எழுதவில்லை.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பாப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தப்பு பண்ணிட்டேனாப்பா?"

"இல்லடா கண்ணு. நீ வந்து 'இது யாரு'ன்னு கேட்டே பாரு, அதுதான் சரி. தப்பு உன்னோடது இல்ல."

சத்தம் கேட்டு எழுந்து வந்த மனைவி, எல்லாவற்றையும் நின்றபடியே படித்தார். "மூடுங்க. இந்தக் கருமத்தை இப்பவே மூடுங்க" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மூடறேன். ஆனா எதையும் அழிக்கப்போறதில்ல" என்றார் அவர். ஒவ்வொரு வரியையும் தேதியோடு படமாக எடுத்து வைத்தார். பிறகு வெளியாட்கள் யாரும் உள்ளே வர முடியாதபடி பூட்டினார். தளத்தை நடத்துகிறவர்களுக்குப் புகார் அனுப்பினார். அன்று மாலையே கணவனும் மனைவியுமாகக் காவல் நிலையத்தில் இணையக் குற்றங்களைப் பார்க்கும் அதிகாரி முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் படங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரும்பாலும் கோபத்துல அழிச்சுட்டுத்தான் வருவாங்க. நீங்க வெச்சிருக்கீங்க, நல்லதாப் போச்சு" என்றார். சில நாட்களில் தளத்தார் அந்தக் கணக்கை நீக்கினார்கள். அது யார் என்பது கடைசி வரை தெரியவில்லை.

எப்படி உள்ளே வந்தான் என்பது மட்டும் தெரிந்தது. ஜிப் பக்கத்தைப் பார்த்த பூரிப்பில் தையல்காரர் அதன் இணைப்பை வாட்ஸாப்பில் தனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களிலும் போட்டிருந்தார். மேலேக்காரர் கடைக்குப் போனபோது கேட்க வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் தயார் செய்துகொண்டுதான் போனார். விஷயத்தைக் கேட்டதும் தையல்காரர் மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டார். கத்தரிக்கோலை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தார்.

"பெருமையா இருந்துச்சுண்ணே. அவன் ஒரு வரி முழுசா எழுதி நான் பார்த்ததே இல்ல. நாலு பேருக்குக் காட்டணும்னு தோணுச்சு. இப்படி ஆகும்னு..."

தயார் செய்து வந்த வார்த்தைகளை மேலேக்காரர் அப்படியே விட்டுவிட்டார்.

"நீங்க வழி சொன்னீங்க, அவ்வளவுதான். கதவைத் திறந்து போட்டவன் நான். வாங்க, மூணு வீடும் உட்கார்ந்து பேசுவோம்."

மருந்துக்கடை அக்கா வீட்டு வரவேற்பறையில் கூடினார்கள். இதோடு நிறுத்திவிடலாம் என்றார் நர்ஸம்மா. அக்காவுக்கும் அரை மனது அதுதான். மேலேக்காரர் அன்றைக்கு அதிகம் பேசினார்.

"என் வேலையில ஒரு கணக்கு உண்டு. லிஃப்ட்டுக் கதவு பூட்டினாத்தான் அது நகரும். பூட்டு கெட்டுப்போச்சுன்னா பூட்டை மாத்துவோம், மாடிக்குப் போறதையே யாரும் விட்டுடறதில்ல. இதை நிறுத்திட்டுப் பிள்ளைங்களை எங்க அனுப்புவோம், சொல்லுங்க? எதுவும் தெரியாம பன்னிரண்டு வயசுல தானாவே ஒரு போனைத் தூக்கிட்டுப் போய் உட்காருவாங்க. அப்போ யார் வந்து 'இது யாருப்பா'ன்னு கேக்கப்போறாங்க?"

நர்ஸம்மா, "அப்போ பிள்ளைங்களையும் கூப்பிடுங்க. அவங்களுக்குத் தெரியாம நாம பூட்டுப் போட்டுப் பிரயோஜனம் இல்ல" என்றார்.

பிள்ளைகளை உட்காரவைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். இனி அழைப்பு இருந்தால்தான் உள்ளே வரலாம். மூன்று வீட்டில் ஒரு வீடு வேண்டாம் என்றாலும் அழைப்பு கிடையாது. விளையாட்டுப் பெயர்கள் விளையாட்டாக வைத்ததுதான், இனி அதுவே சட்டம். முகம் தெரியும் படமோ, வீட்டு விலாசமோ, யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பதோ போடக்கூடாது. ஒரு எழுத்து மாறினாலும் பெரியவர்கள் எல்லோருக்கும் தகவல் வரும்படி அக்கா அமைத்துவிட்டார்.

"பிறந்தநாள் போடலாமா?" என்றான் டைனோசர்.

"கூடாது."

"எனக்குப் பரிசு எப்படி வரும்?"

"டைனோசருக்கு எதுக்குடா பரிசு, நீ செத்து எத்தனை கோடி வருஷம் ஆச்சு" என்றாள் இரட்டையரில் ஒருத்தி. அந்த அறையில் அன்றைக்கு முதன்முதலாகச் சிரிப்புக் கேட்டது.

அப்போதுதான் பாப்பா கையை உயர்த்தினாள். வகுப்பில் உயர்த்துவதுபோல.

"யாராவது 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு சொன்னா, உடனே எல்லார்கிட்டயும் சொல்லிடணும். அதையும் சேர்த்துக்கோங்க."

அதைத்தான் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டார்கள்.

அந்த வருடம் முழுக்க மேலேக்காரர் காலை டிபன் இடைவேளையில் மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்து, ஒரு கையில் டிபன் பாக்ஸும் ஒரு கையில் போனுமாக, யார் எதை மாற்றினார்கள் என்று பார்த்தார். சக ஊழியர்கள் வாத்தியார் என்று கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரே, தன் தங்கை பிள்ளைக்கும் இடம் கிடைக்குமா என்று கேட்டார். "இணைப்பை அனுப்ப மாட்டேன். வீட்டுக்கு வர்றேன், டீ போட்டு வைக்கச் சொல்லு" என்றார் இவர். போனார், பேசினார், மற்ற இரண்டு வீட்டையும் கேட்டார், பிறகுதான் அழைப்பு கொடுத்தார்.

மருந்து மெல்ல மெல்லப் பிடித்தது. அடுத்த கல்வியாண்டில் பள்ளிக்குப் போகலாம் என்றார் டாக்டர். பாப்பா அன்று அம்மாவோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். தலைப்பு: 'எனக்கு வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?' எழுதி முடித்ததும், "இதை மட்டும் எல்லாரும் பார்க்கற மாதிரி திறந்து விடுங்கப்பா. பூட்டி வெச்சா என்ன பிரயோஜனம்?" என்றாள்.

மருந்துக்கடை அக்கா வேண்டவே வேண்டாம் என்றார். மேலேக்காரருக்கும் ஒரு வாரம் மனசே வரவில்லை. மகள் விடுவதாக இல்லை. தினமும் சாப்பிடும்போது கேட்டாள். கடைசியில் அவர் அந்தப் பக்கத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, புதிதாக ஓர் இடத்தில் வைத்தார். தும்பி என்ற பெயரையும் எடுத்தார். யாரும் படிக்கலாம், ஒருவரும் எழுத முடியாது. கருத்துச் சொல்லும் இடத்தை அடியோடு மூடினார். பிறகு அக்காவிடம் போனைக் கொடுத்து, "உள்ளே நுழைய முடியுதான்னு பாருங்க" என்றார். அக்கா விடாமல் முயன்று பார்த்துவிட்டு, "சரி தம்பி" என்றார்.

பள்ளி திறந்த முதல் வாரமே வகுப்பாசிரியை, பெற்றோர் காட்டிய அந்தப் பக்கத்தை வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். பாப்பாவையே எழுந்து விளக்கச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து வகுப்பில் ஒருமுறை வலிப்பு வந்தது. யாரும் ஓடவில்லை. ஒருத்தி மேசையை நகர்த்தினாள், ஒருவன் தன் ஸ்வெட்டரை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தான், ஆசிரியை அவளைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையைக் காலைப் பிடித்து அழுத்தவோ, வாயில் எதையாவது திணிக்கவோ ஒருவரும் முயலவில்லை. தலைமையாசிரியை போன் செய்தபோது, கூட்டிப்போங்கள் என்று சொல்லவில்லை. விழித்துவிட்டாள், தண்ணீர் குடித்தாள், இங்கேயே இருக்கட்டுமா என்றுதான் கேட்டார்.

சாயங்காலம் மேலேக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். பாப்பா பையை இறக்கி வைத்தாள்.

"எப்படிடா இருக்கு?"

"தலை கொஞ்சம் வலிக்குது. பாதி கணக்கு பீரியட் போயிடுச்சு" என்றாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.