கயிறு எட்டாத ஊர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குத் தூத்துக்குடியில் மூன்று தோணி என் பெயரில் நிற்கிறது. மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றுகிறேன். யார் தயவும் இல்லாமல் வந்தவன் என்பதைச் சொல்லிக்காட்ட நான் தயங்கியதே இல்லை. ஆகவே சிங்கப்பூருக்கு வைத்தியத்துக்குப் போனபோது ஊரில் யாரும் வியக்கவில்லை. அங்கேதான் நல்ல மெஷின் இருக்கிறது என்று நானும் சொல்லி வைத்தேன்.

காரணம் மெஷின் இல்லை.

போன தவக்காலத்தில் ஒரு காலை, தோணியில் மூட்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வலது உள்ளங்கையை யாரோ கீழ்நோக்கி இழுத்தார்கள். வெடுக், வெடுக்கென்று இரண்டு தடவை. பக்கத்தில் ஆள் இல்லை. அதற்குப் பிறகு தினமும் வந்தது.

இளவயதில் நான் சங்கு குளித்தவன். எங்கள் தொழிலில் முங்குகிறவனின் கயிற்றை மச்சினன் முறை உள்ளவன்தான் பிடிப்பான். தன் வீட்டுப் பெண்ணின் வாழ்வு அதில் தொங்குவதால் கவனம் தப்பாது என்று நம்பிக்கை. நான் முங்கினால் என் மனைவியின் தம்பி பிடிப்பான், அவன் முங்கினால் நான். இரண்டு இழுப்பு என்றால் மூச்சு முடிந்தது, தூக்கு என்று அர்த்தம். ஒரு நாள் அவனைத் தூக்கியபோது உயிர் இல்லை. கயிறு அசையவே இல்லை என்று கரையில் சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக என் மனைவியும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் ஓரத்தில் ஒரு கட்டி, நல்ல உருண்டை. கடலில் கிடைத்திருந்தால் விலை பேசியிருப்பேன். அதுதான் கையை இழுக்கிறது, இங்கேயே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நான் கவனித்து வைத்திருந்தது வேறு. துறைமுகத்தில் பலமாக வந்த இழுப்பு ஊர் எல்லை தாண்டியதும் தளர்ந்தது. மதுரையில் பாதிகூட இல்லை. எந்தக் கயிற்றுக்கும் ஒரு நீளம் உண்டு. ஆபரேஷனில் மயங்கிக் கிடக்கும்போது மச்சினன் இழுத்தால் என்னால் எதிர்த்து இழுக்க முடியாது, நானும் கீழே போய்விடுவேன். எட்டாத ஊரில்தான் படுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மனைவியோடு ஏறிய விமானத்தில் கை சும்மா கிடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ், ஏன் இங்கே வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் படிவம் நிரப்பினாள். எங்களுக்கு முன்னால் இருந்தவருக்கு அவர் தீவில் அந்த மருந்து கிடையாதாம். இன்னொரு அம்மாவுக்கு ஊரில் முறை வர மாதக்கணக்காகுமாம். நான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன் என்று கேட்டாள். மெஷின் என்று சொல்ல வாய் திறந்தேன். கை இழுபட்டது, நாற்காலியிலிருந்து தோள் சரிகிற அளவுக்கு.

எத்தனை தடவை வரும் என்று நர்ஸ் கேட்டாள். ரெண்டு என்றேன்.

பக்கத்தில் என் மனைவி ஜெபமாலை உருட்டுவதை நிறுத்தினாள். சங்கு குளிகாரர் வீட்டில் பிறந்தவள் அவள்.

"அன்னைக்கும் தம்பி ரெண்டு தடவ இழுத்தானா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

"இழுத்தான். பக்கத்து வள்ளத்துக்காரன்ட்ட நான் எடுத்த சங்கப் பத்திப் பேசிட்டு இருந்தேன். பேசி முடிச்சிட்டுத்தான் தூக்குனேன்."

அவள் அழவில்லை. என் கையைத் திருப்பி உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் படிவத்தில் என்னமோ எழுதினாள்.

கட்டியை எடுத்தார்கள். டாக்டர்கள் சொன்னபடியே இழுப்பு நின்றது. ஊர் திரும்பிய மறுநாள், காலைப் பூசை முடிந்து வந்தவள் என் கைக்குள் தன் விரலை வைத்தாள்.

"இழுக்கானா?"

"இல்ல. நின்னுட்டு."

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. நானும் கையைப் பார்த்தபடியே இருந்தேன். இழுக்கிற கயிற்றில் ஆள் இருக்கிறான். அசையாத கயிறுதான் பயம், பிடித்தவனுக்குத் தெரியும். அடுத்த நாள் கேட்டபோது, இழுக்கான் என்றேன்.

என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"விட்டுராதீங்க. இந்தத் தடவ கத பேசாம பிடிங்க."

பிடித்திருக்கிறேன். தோணித்துறையில் வணக்கம் சொல்கிறவர்களுக்கு இப்போது இடது கையைத்தான் தூக்குகிறேன்.