பார்க்காமலே எண் போட்ட படம்

1938ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் விடியற்காலையில் பிடித்த மழை விடவில்லை. துறைமுகப் பக்கமிருந்து காற்று. அந்த நேரத்தில் நான் ஒரு படமாளிகையின் வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை.

போனேன் என்று சொன்னேன். படத்தை முழுதாகப் பார்த்தேன் என்று சொன்னேன்.

இதுதான் என் குற்றம். நீங்கள் சிரிப்பீர்கள்... இதற்காகவா ஒரு கிழவன் பேனாவை எடுத்தான் என்று! சிரியுங்கள். கடைசி வரி வரைக்கும் வாசித்த பிறகும் சிரிக்க முடிந்தால், அப்போதும் சிரியுங்கள்.

எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. இப்போது அறுபத்தாறு. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஏழு படிகள் உள்ள வீட்டில் அன்றும் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். கப்பற் கந்தோர் ஒன்றில் முப்பத்தோராண்டு எழுதுவினைஞன். மனைவி முன்பே காலமாகிவிட்டாள். மிஞ்சியது ஒரே ஒரு பைத்தியம்... படம் பார்ப்பது.

வாய் பேசாத படங்கள் கூடாரத்தில் ஓடிய காலத்திலிருந்து ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். அதன் கீழே ஓடும் நேரம், பாட்டுகளின் தொகை, சண்டைகளின் தொகை, சாவுகளின் தொகை. அந்த நவம்பருக்கு முன் என் கொப்பியில் இருநூற்றுப் பதினாறு படங்கள் இருந்தன. இருநூற்றுப் பதினாறும் என் கண்ணால் கண்டவை.

அந்நாளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுப் பெண்களைப் படத்துக்குக் கூட்டிப்போகுமுன், நம்பத் தகுந்த ஓர் ஆண் அதைப் பார்த்துவந்து நல்லது என்று சொல்லவேண்டும். அந்த ஆண் நான்தான். ஞாயிறு காலையில் என் வாசற் படலையில் வந்து நிற்பார்கள். “அண்ணை, இந்தக் கிழமை எதுக்குப் போகலாம்?” சும்மா நல்லது, கூடாது என்று நான் சொல்லிவிடுவதில்லை. “ஐந்தாம் பாட்டு முடிய ஒரு குடிகாரன் வருவான். அப்போது பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் சோடா வாங்கிக் கொடும். நான்கு நிமிடம் போதும்” என்று சொல்லியனுப்புவேன். சோடா நிமிடம்! ஒழுங்கை முழுதும் அதற்கு அந்தப் பெயர்தான்.

என் வீட்டிலிருந்து நான்காவது வீடு கனகசபையுடையது. ஒரே கந்தோர்; என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி அவன் மேசை. முப்பத்தெட்டு வயது, பகிடிக்காரன். “அண்ணையின்ரை கொப்பியிலை ஏறாத படம் இன்னும் எடுபடேல்லை” என்று பெரிய துரைக்குக் கேட்கும்படியே சொல்லுவான். அவன் மனைவி யோகம். ஒரே பெண் குழந்தை, ஐந்து வயது.

அந்த வருடம் மார்ச் மாதம் அந்தக் குழந்தை அவர்கள் வளவுக் கிணற்றில் விழுந்தது. யோகம் வீடு முழுதும், ஒழுங்கை முழுதும், கடற்கரை வரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினாள். கிணற்றைக் கடைசியாகத்தான் பார்த்தார்கள்.

அதன் பிறகு அவள் இரண்டு சொற்களே பேசினாள். ஓம். இல்லை. அவ்வளவுதான்.

ஜூலையில் கனகசபை என் படலைக்கு வந்தான். அன்று பகிடி இல்லை.

“அண்ணை, டொக்டர் சொல்லுறார் சனத்துக்கை, வெளிச்சத்துக்கை கூட்டிக்கொண்டு திரியட்டாம். படத்துக்குக் கூப்பிட்டன். ஓம் எண்டவள். பிள்ளை சாகாத படம் ஒண்டு சொல்லுங்கோ.”

நான் கொப்பியை எடுத்தேன். என் வாழ்நாளில் அதைப்போல ஒரு வேலையை நான் கவனமாகச் செய்ததில்லை என்று சத்தியமாகச் சொல்வேன். கொப்பியில் எத்தனை நல்ல படங்கள் இருந்தாலும், அந்தக் கிழமை நகரத்தில் எது ஓடுகிறதோ அதற்குள்தானே தெரிந்தெடுக்கவேண்டும்!

முதலில் ஒரு பழைய ஊமைப்படம். கொள்ளுப்பிட்டியில் பெரிய படத்துக்கு முன் காட்டும் சின்னத் துண்டு. ஒரு தடியனும் ஓர் ஏணியும். பதினாறு நிமிடத்தில் இருபத்திரண்டு தரம் விழுவான். அதை மட்டும் பார்த்துவிட்டு எழும்பி வாருங்கள் என்றேன். பத்தொன்பதாம் தரம் விழுகையில் யோகம் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாளாம்.

அடுத்தது பம்பாய்ப் படம். சவுக்கோடு குதிரையில் வரும் பெண், ஒன்பது சண்டை, கதை என்று ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் யோகம் கேட்டாளாம்: “அந்தக் குதிரைக்கு என்ன சாப்பாடு குடுப்பினம்?” நான்கு மாதத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம்! கனகசபை இரண்டு படியாய்த் தாவி என் வீட்டுக்கு ஏறி வந்து சொன்னான்.

பிறகு ஒரு புராணப் படம். நாற்பத்தொரு பாட்டு. பதினோராம் பாட்டு முடிந்ததும் எமன் ஒரு பாலகனுக்குக் கயிறு வீசுவான். ஆறு நிமிடம் சோடா என்றேன். அவர்கள் சரியாக ஆறு நிமிடம் கழித்து உள்ளே போனார்கள். பின்னர் ஓர் இங்கிலீஷ் துப்பறியும் படம். நானும் கூடப் போய் மெதுவாக மொழிபெயர்த்தேன். பாதியிலேயே யோகம் என் பக்கம் சாய்ந்து, “தோட்டக்காரன்தான் கொலைகாரன் அண்ணை, அவன்ரை சப்பாத்தைப் பாருங்கோ” என்றாள். அவள் சொன்னதே சரி! வீடு திரும்பும்போது அவள் சிரித்தாள். நான் கேட்டேன். என் இரு காதாலும் கேட்டேன்.

அங்கேதான் என் கேடு தொடங்கியது. ஒழுங்கையில் என்னை டொக்டருக்கு மேலே வைத்தார்கள். நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

நவம்பரில் கொட்டாஞ்சேனைக்கு ஒரு புதிய தமிழ்ப்படம் வந்தது. குடும்பக் கதை, சிரிப்புப் படம் என்று பேச்சு. அதைப் பார்க்கத்தான் அந்த மழையில் போனேன். வாசலில் சனம் குடையோடு குடை இடித்துக்கொண்டு நின்றது. என் சட்டை நனைந்துவிட்டது. எனக்குத் தடிமன் என்றால் பயம். தடிமன் சளியாகும், சளி காய்ச்சலாகும்... நெஞ்சுக்குள் இப்படியே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நின்றேன். வாசலில் ஒருவன் பாட்டுப் புத்தகம் விற்றான். ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கோப்பி குடித்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை மூன்று தரம் வாசித்தேன். பதினெட்டுப் பாட்டு. கோமாளிக்கு மட்டும் ஐந்து. முடிவில் மங்களம். கதைச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம்: ஏழைக் கணவன், கோபக்கார மாமன், பிரிவு, மறுபடி சேர்வது. மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நின்றது. எல்லாப் பாட்டுப் புத்தகமும் அப்படித்தானே நிற்கும்? முடிவைச் சொல்லிவிட்டால் யார் டிக்கற் வாங்குவான்! மங்களம் பாடி முடிகிற கதையில் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ணினேன். கொப்பியில் 217 என்று எழுதினேன். சாவு என்ற இடத்தில் சைபர் போட்டேன்.

மறுநாள் கனகசபை கேட்டான்: “பாத்தனீங்களோ அண்ணை?”

“ஓம்.”

“எந்த இடத்திலை சோடா?”

“சோடா வேண்டாம். கடைசிமட்டும் இருக்கலாம்.”

எத்தனை எளிதாகச் சொன்னேன்! நான் பார்க்கவில்லை, அடுத்த கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? ஆறு. அந்த ஆறு சொல்லையும் விழுங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். யோகம் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு நிறமுள்ள சேலை அதுதான் முதல். அவள் நடுவில், அவன் ஒரு பக்கம், நான் மறுபக்கம். படம் தொடங்கியது. கோமாளி வந்தான். யோகம் வாய்விட்டுச் சிரித்தாள். “அண்ணை, இனி என்ன நடக்கும்?” என்று ஒவ்வொரு காட்சிக்கும் என்னைக் கேட்டாள். நான் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒப்புவித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு அரைமணி ஓடியது. கணவனும் மனைவியும் சேர்ந்தார்கள். என் கையிலிருந்த கதை அதோடு தீர்ந்தது.

படம் தீரவில்லை.

திரையில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நடந்தது. ஓடியது. “இனி என்ன அண்ணை?” என்று யோகம் கேட்டாள். “பாருமன்” என்றேன்.

பிறகு ஒரு முற்றம் வந்தது. முற்றத்தின் மூலையில் ஒரு கிணறு. கட்டு உயரமில்லை.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி எட்டு நிமிடம். கிணற்றை ஒரு தரம் காட்டினார்கள். வேலைக்காரி தண்ணீர் அள்ளினாள். மறுபடி காட்டினார்கள். ஒரு படத்தில் ஒன்றை இரண்டு தரம் காட்டினால் அதற்கு மூன்றாம் தரம் உண்டு. இருநூற்றுப் பதினாறு படம் பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்தது! நன்றாகத் தெரிந்தது!

எழும்பு, என்றது மனம். அவள் கையைப் பிடி. தலைசுற்றுகிறது என்று சொல். வெளியே கூட்டிக்கொண்டு போ. ஆனால் எழும்பினால் கனகசபை கேட்பான்: கடைசிமட்டும் இருக்கலாம் என்றீர்களே, இதை முன்பு பார்க்கவில்லையா? இருட்டிலே அந்தக் கேள்வி என் முகத்துக்கு முன்னால் நின்றது. ஒருவேளை விழாது என்றேன் எனக்கு. மங்களப் பாட்டு இருக்கிறதே என்றேன். ஐந்து பத்து... ஐந்து பதின்மூன்று... ஐந்து பதினாறு... யோகத்தின் கை நாற்காலிக் கையைப் பற்றியிருந்தது. அவள் இப்போது என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பதினொரு நிமிடம். பார்க்காமல் பார்த்தேன் என்றது பொய். அதை எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். இந்தப் பதினொரு நிமிடத்துக்கு என்ன பெயர் வைப்பது? உங்களுக்குத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பத்தொன்பதுக்குத் திரையிலிருந்த தாய் சோற்றுக் கிண்ணத்தோடு வெளியே வந்து குழந்தையைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. வீட்டுக்குள் தேடிக் கூப்பிட்டாள். தெருவில் கூப்பிட்டாள்.

யோகம் எழுந்து நின்றாள்.

“கூப்பிடாதை பிள்ளை!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். “கிணத்துக்கை பார்! முதலிலை கிணத்துக்கை போய்ப் பார்!”

பின்னாலிருந்து யாரோ, “ராத்தா, குந்துங்க! மறைக்குது!” என்றான். முன்னாலிருந்த வாங்குப் பலகைகளில் சிரிப்பு எழும்பியது. நூறு பேராவது சிரித்திருப்பார்கள். அவள் வாங்குகளின் நடுவே திரையை நோக்கி நடந்தாள். கனகசபை பிடித்தான். உதறினாள். “நேரம் போகுது... பாரன், நேரம் போகுது...” இரண்டு பேர் உதவிக்கு வர, அவன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். சிரிப்பு அப்போதுதான் நின்றது.

நான் அவள் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அன்று முதல் அவளுக்கு அந்த இரண்டு சொற்களும் இல்லாமல் போயின. பகலில் கிணற்றடியில் நின்று உள்ளே பார்த்தபடியே இருந்தாள். கிணற்றை மூடிப் பலகை அடித்தார்கள். பலகையைப் பிரித்தாள். ஜனவரியில் அங்கொடைப் பைத்திய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கொண்டுபோவதற்கு முன் கனகசபை ஒருநாள் என்னிடம் வந்தான். சண்டைக்கு வரவில்லை. அவன் சண்டைக்கு வந்திருந்தால்!

“அண்ணை, குறை நினையாதேங்கோ. அந்த இடம் உங்களுக்கு எப்பிடித் தப்பினது?”

உண்மையைச் சொல்ல இரண்டாம் முறை கதவு திறந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நான் பார்த்த அண்டைக்குப் பிலிம் அறுந்தது தம்பி. வெட்டி ஒட்டி ஓட்டினவங்கள். அந்தத் துண்டை விட்டிட்டாங்கள் போலை.”

பிலிம் அறுவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே. அவன் தலையாட்டினான். “அப்ப உங்களிலை பிழை இல்லை அண்ணை” என்றான். என் தோளைத் தொட்டு, எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்! பொய்க்குக் கிடைத்த மன்னிப்பை எந்தக் கணக்கில் வைப்பது?

இன்னும் ஒன்று. அந்தப் படத்தை அதன் பிறகு தனியே போய்க் கடைசிவரை பார்த்தேன். அந்தக் குழந்தை சாகவில்லை. அம்மன் அருளால் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. மங்களம் பாடுகிறார்கள். சாவு, சைபர். என் கொப்பி சரி! யோகம் இன்னும் இருபது நிமிடம் இருந்திருந்தால்... அந்தக் குழந்தை எழும்புவதைக் கண்டிருந்தால்... அது இதைவிடக் கொடியதாக இருந்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒழுங்கை என்னை விடவில்லை. எனக்கு முகத்தில் அடித்தாற்போல மறுக்கவும் தெரியவில்லை. அதன் பிறகும் ஞாயிறு தோறும் வந்தார்கள். பார்த்ததை மட்டும் சொன்னேன். கொப்பி இப்போது முந்நூற்று நாற்பதில் நிற்கிறது. 217ஐ நான் வெட்டவில்லை.

யோகம் சென்ற வருடம் ஜூலையில் அங்கேயே காலமானாள். ஏழரை வருடம், கனகசபை ஒரு ஞாயிறு தப்பாமல் பார்க்கப் போனான். அவள் அவனை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லையாம்.

இந்த மார்ச்சில் அவன் வேலையை விட்டு ஊருக்குப் போனான். கோட்டை நிலையத்தில், வடக்கே போகும் காலை வண்டி. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து நானும் போனேன். வண்டி புறப்பட இருபத்தாறு நிமிடம் இருந்தது. அவன் தலை முழுதும் நரைத்திருந்தது. ஒரு பெட்டி, ஒரு தண்ணீர்க் கூசா, அவ்வளவே சாமான்.

“தம்பி, உம்மோடை ஒரு விசயம் கதைக்க வேணும்” என்றேன்.

அவன் ஜன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தான். “நானும் ஒண்டு சொல்ல வேணும் அண்ணை. அந்த நாலு மாசம் அவள் சிரிச்சவள். குதிரைக்குச் சாப்பாடு கேட்டவள். அது உங்களாலை. நான் கொண்டுபோறது அது ஒண்டுதான். நீங்கள் என்ன சொல்ல வந்தனீங்கள்?”

சொன்னால் அந்த நான்கு மாதமும் அவனிடமிருந்து போய்விடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அது கருணையா? இல்லை. பயம்தான். அதே பழைய பயம்.

“சுகமாய்ப் போய்ச் சேரும் எண்டு சொல்லத்தான்” என்றேன்.

கார்ட் ஊதினான். கனகசபை என் கையை விட்டான். பதின்மூன்று பெட்டிகளும் என்னைக் கடந்து போகும்வரை நின்றேன். மேடை வெறுமையாயிற்று.

வாயிலில் நின்றவன் சீட்டைக் கேட்டான். கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எல்லாவற்றையும் சொல்லப் போன அன்று என்னிடமிருந்து போனது மேடைச் சீட்டுக்குக் கொடுத்த பத்துச் சதம் மட்டும்தான்.